உரைகல்லும் மாத்திரை அட்டையும்

தரங்கம்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் கைப்பிள்ளைக்கு மருந்து கொடுப்பது ஒரு காலத்தில் மூன்று பேர் சேர்ந்து செய்த காரியம். அப்பாயி உரைகல்லில் உரைப்பார். பெற்றவள் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையை மடியில் கிடத்திக்கொள்வாள். சித்தியோ அத்தையோ கை காலைப் பிடித்துக்கொள்ள, பாலாடை மூக்கிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். சுட்ட வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு. எல்லாவற்றையும் தாய்ப்பால் விட்டு உரைத்து வழித்தெடுப்பார்கள். அளவைச் சொல்லக் கரண்டி கிடையாது, உரைப்புத்தான் கணக்கு. கடுக்காய்க்கு இத்தனை இழைப்பு, ஜாதிக்காய்க்கு ஒரே இழைப்பு. அதற்கு மேல் ஒன்று கூடினால் பிள்ளை மயங்கித் தூங்கிவிடும் என்று அப்பாயிக்குத் தெரியும்.

தெரியாத ஒன்றும் இருந்தது. அழுகிற பிள்ளையின் மூக்கைப் பிடித்து ஊற்றினால், அது மூச்சை இழுக்கும்போது மருந்தும் சேர்ந்து நுரையீரலுக்குள் போகும். எண்ணெய் அப்படிப் போனால் வருகிற நிமோனியா சுலபத்தில் ஆறாது. கைப்பிள்ளை வாயிலும் மூக்கிலும் எண்ணெய் விடாதீர்கள் என்று குழந்தை மருத்துவர்கள் தலையால் அடித்துக்கொண்டு சொல்வது இதனால்தான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம் என்பது இன்றைய விதி. உரைகல் பல வீடுகளில் பரணுக்குப் போய்விட்டது. பாலாடை போகவில்லை. குறைமாதத்தில் பிறந்து முலைக்காம்பைப் பற்றிக் குடிக்கத் தெம்பில்லாத சிசுக்களுக்கு, பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை ஆஸ்பத்திரிச் செவிலியர் இன்றும் பாலாடையால்தான் புகட்டுகிறார்கள். பாட்டில் ரப்பரைவிட அதைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எளிது. பழையதில் எதைக் கழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று யாரோ நிதானமாக யோசித்திருக்கிறார்கள்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய். பேதிக்குக் கொடுக்கும் நாள் என்றால் அன்று வீட்டில் வேறு வேலை நடக்காது. விடியற்காலை, வெறும் வயிறு. டம்ளரில் எண்ணெய் கனமாக அசையும். சூடான காபியிலோ இஞ்சிச் சாற்றிலோ கலந்து, மூக்கைப் பொத்தி, ஒரே மடக்கில் குடிக்கச் சொல்வார்கள். குடித்து முடித்த வாயில் உடனே ஒரு வெல்லக்கட்டி. மதியம் பருப்பும் புளியும் இல்லாத ரசஞ்சோறு. எங்கள் தலைமுறையில் பலருக்கு அந்த எண்ணெய் தொண்டையில் வழுக்கிய உணர்வு இன்னும் மறக்கவில்லை. இப்போது அதே வேலைக்குக் குடற்புழு நீக்க நாள் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்றைக் கொடுத்துச் சப்பித் தின்னச் சொல்கிறார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் என்றால் பாதி. பழ ருசி சேர்த்திருப்பதால் பிள்ளைகள் முகம் சுளிப்பதில்லை. விளக்கெண்ணெய் பூச்சியை அடித்துக்கொண்டு வெளியே தள்ளப் பார்த்தது. அல்பெண்டசோல் புழுவைச் சர்க்கரை எடுக்கவிடாமல் பட்டினி போட்டுக் கொல்கிறது. இதில் பழையதற்காக ஏங்க எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் வைத்தியர் வீட்டுத் திண்ணையைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது. சித்த மருத்துவம் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தை 32 வகையாகப் பிரித்திருக்கிறது. சாறு, குடிநீர், கற்கம், சூரணம், வடகம், மணப்பாகு, நெய், இளகம், மாத்திரை, மெழுகு, செந்தூரம், பற்பம், சுண்ணம் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் ஆயுள் உண்டு. சாறும் குடிநீரும் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணம் மூன்று மாதம். தீயிலும் உலோகத்திலும் உருவாகிற செந்தூரம் தலைமுறை கடந்தும் நிற்கும் என்பது கணக்கு. சூரணத்தை மூன்று விரல் நுனியால் அள்ளினால் அது திரிகடி. லேகியம் சுண்டைக்காய் அளவோ கொட்டைப்பாக்கு அளவோ. பற்பம் என்றால் குன்றிமணி எடை, இன்றைய கணக்கில் 130 மில்லிகிராம். அதையும் தனியாக விழுங்கச் சொல்வதில்லை. தேனில், நெய்யில், வெற்றிலைச் சாற்றில், வெந்நீரில் என்று துணை மருந்து ஒன்று கூடவே வரும். ஒரே பற்பம் தேனோடு ஒரு நோய்க்கு, வெண்ணெயோடு இன்னொரு நோய்க்கு. அப்புறம் பத்தியம்: புளி தள்ளு, அகத்திக்கீரை கூடாது, அது மருந்தை முறித்துவிடும். மருந்து வாங்கி வந்தவன் காதில் இத்தனையும் ஏறியிருக்கும். வைத்தியர் கொடுத்த பொட்டலத்தைவிட அவர் சொல்லியனுப்பிய பேச்சு எப்போதும் பெரிதாக இருந்தது.

இந்தப் பேச்சை எழுதிவைக்க நினைத்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் இதே ஊரில் இருந்தார். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1706இல் கிறிஸ்தவ மிஷனரியாகச் சீகன்பால்கு வந்தார். அவருக்குப் பின்னால் வந்த கிரூண்ட்லர் 1711இல் தமிழ் வைத்திய முறைகளைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூலே எழுதினார். ‘மலபார் வைத்தியர்’ என்பது அதன் பெயர். அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழர்களை மலபாரிகள் என்றுதான் அழைத்தார்கள். உள்ளூர் வைத்தியர்களையும் ஏடுகளையும் கொண்டு உருவான அந்தக் கையெழுத்துப் பிரதி ஜெர்மனியில் ஹாலே நகருக்குப் போய்ச் சேர்ந்தது.

எதிர்த்திசையில் ஹாலேயிலிருந்து கப்பலில் மருந்துப் பெட்டிகள் வந்தன. அங்கிருந்த அனாதை இல்லத்தின் மருந்தகம் அப்போது ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்றது. தங்கம் சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட ‘இனிப்புச் சாரம்’ என்ற சொட்டு மருந்தும், பல நோய்க்கும் ஒன்றாகக் கொடுத்த உருண்டைகளும் அதன் பெருமைக்குரிய சரக்குகள். உபயோகிக்கும் விதத்தை அச்சிட்ட தாளும் உடன் வரும். அந்தச் சொட்டுகளை நம்பி வந்தவர்களில் பலர் இந்த மண்ணிலேயே இளம் வயதில் போய்விட்டார்கள். சீகன்பால்கு இறந்தபோது வயது 36. மிஷனுக்கென்று 1730இல் வந்த முதல் மருத்துவரும் வந்த வேகத்தில் காலமானார். அவருக்குப் பின் 1732இல் வந்த க்நோல் என்ற மருத்துவர் 35 ஆண்டுகள் இங்கே தாக்குப்பிடித்தார். 1768இல் வந்த கோனிக், தாவரங்களுக்குப் பெயர்முறை வகுத்த லின்னேயஸிடம் படித்தவர். அவர் கவனம் மருந்துப் பெட்டியைவிட இந்த மண்ணின் செடிகொடிகள் மேல்தான் அதிகம் போயிற்று. 1798இல் டேனிஷ் அறுவை மருத்துவர் ஃபோலி, இவ்வூர் வைத்தியர்களின் திறமையைப் பற்றித் தனியாகவே ஓர் அறிக்கை எழுதினார். வங்கத்தில் இருந்த தங்கள் குடியேற்றங்களோடு சேர்த்து ஊரை 1845இல் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் போனார்கள். அதுவரை இந்தக் கடற்கரையில் இரண்டு மருத்துவங்களும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தன.

18ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்தின் பெயரைச் சுமந்துகொண்டு வெளியூர் போன ஒரு மருந்து உண்டு: ‘தஞ்சாவூர் மாத்திரை’. பாம்புக் கடிக்கு. பாஷாணமும் பாதரசமும் நேர்வாளமும் மிளகும் சேர்ந்த உருண்டை அது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராகச் சோழமண்டலக் கரையில் இருந்த பேட்ரிக் ரஸ்ஸல், பாம்புகளைப் பற்றி 1796இல் வெளியிட்ட நூலில் இதை எடுத்து ஆராய்ந்தார். நெல் வயலில் வெறுங்காலோடு நடக்கிற நாட்டில் இப்படி ஒரு மாத்திரைக்கு எவ்வளவு ஏக்கம் இருந்திருக்கும் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. வாய் வழியாகக் கொடுத்து விஷத்தை முறிக்க வழியில்லை. இன்றைய விஷமுறிவு மருந்து புரதத்தால் ஆனது. வாயில் போட்டால் வயிற்று அமிலமும் செரிமான நொதிகளும் அதைச் சாப்பாட்டைப் போலச் செரித்துவிடும். ஊசி வழியாக ரத்தக் குழாயில் ஏற்றினால்தான் வேலை செய்யும். இன்சுலின் ஊசியாகவே இருப்பதற்கும் காரணம் இதுதான். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்திலிருந்து அந்த மருந்து தயாராகிறது. இருந்தும் நாற்றங்காலில் கடிபட்டவருக்கு ஏதோ ஒரு பச்சிலையைக் கசக்கி வாயில் திணிக்கும் வழக்கம் முற்றாக ஒழியவில்லை. அதில் போகிற அரை மணி நேரம் உயிரின் விலை.

கம்பெனிக்குப் பிறகு வந்தது கொயினா. காய்ச்சல் காலத்தில் தபாலாபீசிலேயே காலணாவுக்குப் பொட்டலம் கிடைக்கும் என்ற ஏற்பாடு 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் வந்தது. நீலகிரி நடுவட்டத்தில் சின்கோனாப் பட்டையிலிருந்து அரசே அதைத் தயாரித்தது. நாக்கில் பட்டால் நாள் முழுக்கக் கசக்கும் தூள். வாழைப்பழத்துக்குள் வைத்து விழுங்கினார்கள்.

அதற்கப்புறம் தர்மாஸ்பத்திரியும் கம்பவுண்டரும். நோயாளி வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து ரோஸ் நிற மிக்சரை ஊற்றி, ஒரு தாளை மடித்துக் கத்தரியால் ஓரத்தில் பல் பல்லாக வெட்டி, பசை தடவிப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டித் தருவார். ஒரு பல் ஒரு வேளை. எழுத்து தெரியாதவரும் அளவு தப்பாமல் குடிக்க அந்தத் தாள் ஒன்றே போதும். மருந்து படிந்து அடியில் தங்கும் என்பதால் ‘குலுக்கிக் குடி’ என்று ஒரு சத்தமும் போடுவார். இவ்வளவு எளிமையான, இவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாட்டை நாம் எங்கே தொலைத்தோம் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மாத்திரை அட்டை ஊரெல்லாம் பரவியதில் நம் மாநிலத்துக்குத் தனி இடம் இருக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் கேட்ட கேள்வி உலகத்துக்கே பயன்பட்டது: சானடோரியத்தில் படுக்கவைத்து, முட்டையும் பாலும் கொடுத்துப் பார்த்தால்தான் காசநோய் ஆறுமா, குடிசையில் இருந்துகொண்டே மாத்திரை விழுங்கினால் ஆறாதா? 193 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். 1959இல் வெளியான முடிவு, வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள் என்றது. உடன் இருந்த குடும்பத்தாருக்கும் கூடுதல் ஆபத்து இல்லை. ஆனால் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு யாரும் சும்மா இருந்துவிடவில்லை. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று பார்த்தார்கள். மாதக்கணக்கில் விழுங்குவது எவ்வளவு கடினம் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. கண்ணெதிரே விழுங்கவைக்கும் முறைக்கு வித்திட்டதில் சென்னை அனுபவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1997இல் தொடங்கிப் படிப்படியாக நாடெங்கும் விரிந்த டாட்ஸ் திட்டம் அந்த வழியில் வந்ததுதான்.

யானைக்கால் நோய்க்கும் அதே கதை. காவிரிப் படுகையின் தேங்கிய நீரும் கொசுவும் அந்த நோயை இங்கே நிலைக்கச் செய்தன. கும்பகோணத்துப் பெயரோடு அது ஒட்டிக்கொண்டே போயிற்று. ஆண்டுக்கு ஒரு நாள், நோய் உள்ளவர் இல்லாதவர் எல்லோரும் டி.இ.சி. மாத்திரை விழுங்க வேண்டும் என்று ஏற்பாடு இருந்தது. பெரியவருக்கு 100 மில்லிகிராம் மாத்திரை மூன்று, கூட ஓர் அல்பெண்டசோல், வெறும் வயிற்றில் கூடாது. ‘அப்புறம் போட்டுக்கிறேன்’ என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டவர்கள் நிறைய. ரத்தத்தில் புழு உள்ளவருக்கு, அது சாகும்போது காய்ச்சலும் தலைவலியும் வரும். அதை மருந்தின் கேடு என்று நினைத்தார்கள். வீடு தேடி வந்த பணியாளர் திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் கொடுத்து, விழுங்கும்வரை பேசிக்கொண்டிருந்த தெருக்களில்தான் மாத்திரை உண்மையிலேயே வயிற்றுக்குப் போயிற்று.

இப்போது இரத்த அழுத்தமும் சர்க்கரையும். 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அனுப்புவதால் அரசு மருந்தகத்தில் அட்டை தட்டுப்பாடின்றிக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் மாத மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறார். பஸ் ஏறிப் பொறையாருக்கோ மயிலாடுதுறைக்கோ போய் வரிசையில் நின்று ஒரு நாள் கூலியை இழந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அந்தத் தெருக்களில் கேட்டால் சொல்வார்கள். மருந்து எட்டாத வீடு குறைந்துவிட்டது. குறைந்துவிட்ட இன்னொன்று, அதை எப்படி விழுங்க வேண்டும் என்று சொல்லித் தரும் பேச்சு. எனக்கு ஆதங்கம் இதில்தான்.

தைராய்டு மாத்திரையைக் காலை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும். தஞ்சாவூர்ச் சீமையில் கண் விழித்ததும் காபி. மாத்திரையும் டபராவும் ஒன்றாகவே வருகின்றன. காபி மருந்தை உறிஞ்சவிடாது, டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். கர்ப்பிணிக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் காபி, டீ ஆகாது. எலிக் காய்ச்சலுக்கு வயல் வேலைக்காரர்களுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளினை இரண்டு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால், அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்கக் குடிக்க வேண்டும், அரை மணியாவது நிமிர்ந்து இருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் ‘எஸ்.ஆர்.’ என்று போட்டிருக்கும் சர்க்கரை மாத்திரை நாள் முழுக்கக் கொஞ்சங்கொஞ்சமாக மருந்தை விடுவதற்காகச் செய்தது. விழுங்க முடியவில்லை என்று பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும். அந்த மாத்திரையின் வெறுங்கூடு சில சமயம் மலத்தில் வரும். ‘மாத்திரை கரையவே இல்லை’ என்று பயந்து நிறுத்தியவர்கள் உண்டு. விடியுமுன் கட்டுமரத்திலோ ஃபைபர் படகிலோ கடலுக்குப் போகிறவர், கிளிமிபிரைடை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் போனால் நடுக்கடலில் சர்க்கரை இறங்கித் தலை சுற்றும். இவருக்கு எந்த வேளையில் மாத்திரை என்பதை இவர் வேலையைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ‘1-0-1’ என்று எழுதிய சீட்டு அதைக் கேட்பதில்லை.

பிள்ளைகளின் சிரப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்காகவே திரவ மருந்து. அந்தச் சௌகரியத்துக்கு உயிர்கள் விலை போயிருக்கின்றன. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபா மருந்தை டை-எத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றதில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதே நஞ்சு 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் 48.6 விழுக்காடு இருந்ததாக நம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை சொன்னது. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சாதாரணச் சளிக்குச் சின்னஞ்சிறு பிள்ளைக்கு இருமல் சிரப் தேவையே இல்லை. இதைச் சொல்லும் வாய் மருந்துக் கடையில் இருக்க வேண்டும்.

சொல்லிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு மாரடைப்பு என்று தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் 14 மாத்திரை கொடுக்கிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. ஆஸ்பிரினை மென்று தின்றால் இன்னும் சீக்கிரம் வேலை செய்யும். நெஞ்சுவலிக்கென்று வீட்டில் வைத்திருக்கும் சார்பிட்ரேட் வேறு வகை. அதை விழுங்கக் கூடாது. நாக்குக்கு அடியில் வைத்தால் அங்குள்ள மெல்லிய தோல் வழியாக நேரே ரத்தத்தில் கலந்து சில நிமிடங்களில் வலியைத் தணிக்கும். விழுங்கினால் கல்லீரல் பெரும்பகுதியைக் கழித்துவிட்டுத்தான் மீதியை விடும். இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும் என்பதால் உட்கார்ந்துகொண்டே வைக்க வேண்டும். இருதய நோயாளி இருக்கும் வீட்டில் பேரப்பிள்ளைக்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். மருந்துக் கடையில் அட்டையைக் கத்தரியால் துண்டு போட்டுத் தருகிறார்கள். மருந்தின் பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில் என்று பிரிந்து, வீட்டு டப்பாவில் பெயரில்லாத மாத்திரைகள் சேர்கின்றன. வாங்கும்போது தேதி இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மாத்திரையைப் பிதுக்கும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி, தேதி உள்ள ஓரத்தைக் கடைசிவரை வைத்திருங்கள். கவரின் மேல் காபிக்கு முன்னா, சாப்பாட்டுக்குப் பின்னா என்று மருந்தாளுநரைக் கொண்டு தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.